ரத்தத்திற்கும் வயது உண்டு: படப்பிடிப்புக்கான பொய் ரத்தம் செய்யும் முறை

மதுரையில் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, எந்தக் கடையில் எந்தச் சிவப்புப் பொடி வாங்க வேண்டும் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தக் காட்சியில் ரத்தம் உடலை விட்டு வெளியேறி எவ்வளவு நேரமாகிறது என்று நான் அவர்களைக் கேட்பேன். பலர் அதைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வியின் அருமை ஒரு தவறுக்குப் பிறகே விளங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வெட்டுப்பட்டவன் இரவு முழுவதும் கிடந்து விடியற்காலையில் கண்டெடுக்கப்படும் காட்சிக்கு நான் ஒப்பனை செய்தேன். பளபளவென்று புதிய ரத்தத்தை வேட்டியெல்லாம் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, தோப்புக்காரர் அருகில் வந்து, “தம்பி, ராத்திரியே விழுந்த ஆளுன்னு சொல்றீங்க, ரத்தம் இப்பத்தான் வடிஞ்ச மாதிரி இருக்கே” என்றார். அவர் சொன்னதே சரி. அன்றைய படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, மறுநாள் வேறு வேட்டியோடும் வேறு ரத்தத்தோடும் திரும்பி வந்தோம்.

ஆகவே செய்முறைக்குள் நுழையுமுன் உண்மையான ரத்தம் எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமனியிலிருந்து வரும் ரத்தம் ஆக்சிஜன் நிறைந்ததாதலால் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இதயத் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீறிடும். சிரையிலிருந்து வருவது அடர்ந்த கருஞ்சிவப்பு. அது பீறிடாமல் ஒரே சீராக வழியும். வெளியே வந்த ரத்தம் ஏறத்தாழ 5 முதல் 10 நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கிக் கூழ்போலக் கட்டியாகும். பிறகு அந்தக் கட்டி சுருங்கும்போது ஓரத்தில் வெளிர்மஞ்சள் நீர் பிரியும். காயக் காய, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு காற்றோடு வினைபுரிவதால் சிவப்பு மங்கிப் பழுப்பேறும். நாள் கடந்தால் கறுப்புக்கு அருகில் வந்துவிடும். வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். குடம் குடமாக ஊற்றும் இயக்குநர்களிடம் இந்தக் கணக்கை நான் எப்போதும் நினைவூட்டுவதுண்டு.

பொய் ரத்தம் ஒவ்வொரு காலத்திலும் கையில் கிடைத்த பொருளைக் கொண்டே செய்யப்பட்டிருக்கிறது. பாரிஸ் நகரில் 1897 முதல் 1962 வரை இயங்கிய கிராண்ட் கின்யோல் என்னும் திகில் நாடக அரங்கில் கிளிசரினையும் கார்மைன் என்னும் பூச்சிச் சாயத்தையும் கலந்து பயன்படுத்தினார்கள். 1960-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ கறுப்பு வெள்ளைப் படமாதலால், அதன் குளியலறைக் காட்சியில் சாக்லேட் பாகே ரத்தமாக ஓடியது. நிறம் தேவைப்படாத இடத்தில் அடர்த்தியும் ஓட்டமும் மட்டும் போதுமானவையாக இருந்தன. பிரிட்டனில் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் தயாரித்த ரத்தம், லண்டன் தெரு ஒன்றின் பெயரைத் தாங்கி ‘கென்சிங்டன் கோர்’ என்று புகழ்பெற்றது. அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், மக்காச்சோளப் பாகு, உணவுச் சாயங்கள், துத்தநாக ஆக்சைடு, கெடாமல் காக்கும் மெத்தில்பாரபென் ஆகியவற்றோடு, புகைப்படம் கழுவுவதற்கான ஒரு திரவத்தையும் சேர்த்தார். ரத்தம் தோலில் திரண்டு நிற்காமல் இயல்பாகப் பரவுவதற்கு அந்தத் திரவம் உதவியது. ஆனால் அது நச்சுப் பொருள் என்பதால் அந்த ரத்தத்தை வாயில் வைக்கக் கூடாது. வாய்க்கு ஒரு ரத்தம், தோலுக்கு வேறு ரத்தம் என்று பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை நாமும் கைவிடக் கூடாது.

மக்காச்சோளப் பாகு நம் ஊர் மளிகைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. பேக்கரிக்குத் தேவையான பொருள்களை விற்கும் கடைகளில் திரவ குளுக்கோஸ் கிடைக்கும். அது சிறந்த மாற்று. அதுவும் கிடைக்காவிட்டால் சர்க்கரைப் பாகே போதும். கால் லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சர்க்கரையைக் கரைத்து, கொதி வந்தபின் மிதமான தீயில் சில நிமிடங்கள் வைத்து, கம்பிப் பதம் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்குச் சற்று முன் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் பாகு ஆறியபிறகு பூத்துப்போகாது. பலகாரம் செய்பவர்கள் அறிந்த உத்திதான் இது. பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட வேண்டும். இந்த மாவுதான் ரத்தத்துக்கு ஊடுருவித் தெரியாத தன்மையைத் தருகிறது. மாவு சேர்க்காத ரத்தம் சிவப்புக் கண்ணாடி போல ஒளியை உள்ளே விட்டு, படத்தில் சர்பத்தாகத் தெரியும்.

அடுத்தது நிறம். சிவப்பு உணவுச் சாயப் பொடியில் அரைத் தேக்கரண்டியிலிருந்து தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். சிவப்பை மட்டும் போட்டால் மெல்லிய ஓரங்கள் இளஞ்சிவப்பாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும். அதைத் தடுக்க மஞ்சள் சாயத்தில் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். பிறகு இரண்டு தேக்கரண்டி கோகோ பொடியைச் சிறிது வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்த்தால் சிவப்பு ஆழம் பெறும். கடைசியாக நீலத்தில் ஒரே ஒரு சொட்டு. நீலம் கூடிவிட்டால் ரத்தம் ஊதாவாகித் திராட்சைச் சாறு போலாகிவிடும்; அதைத் திருத்துவது கடினம் என்பதால், முழுப் பாத்திரத்தில் விடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர் இது. துணிக்கான சாயப் பொடி எங்கு வேண்டுமானாலும் மலிவாகக் கிடைக்கும், ஒரு சிட்டிகை போட்டால் வாளி நிறையச் சிவக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்னும் தொழிற்சாலைச் சாயம் இருப்பது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிறமூட்டிய பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தை தின்னும் மிட்டாயில் கூடாத சாயம் நடிகரின் உதட்டிலும் கண்ணோரத்திலும் மட்டும் எப்படித் தகும்? உணவுச் சாயம் என்று உறையில் தெளிவாக அச்சிடப்பட்டு, உரிம எண்ணும் காலாவதி நாளும் இருக்கும் பொட்டலத்தை மட்டுமே வாங்க வேண்டும். ஆட்டு ரத்தத்தைக் கறிக்கடையிலிருந்து வாங்கி வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நோய்க்கிருமிகளைக் கொண்டுவரும் என்பது ஒருபுறமிருக்க, கேமராவைச் சரிசெய்து முடிப்பதற்குள் உறைந்தும் விடும்; மே மாத வெயிலில் அதன் நாற்றத்தோடு ஒருவரை மணிக்கணக்காகப் படுக்கவைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

இவ்வாறு செய்த அடிப்படை ரத்தத்தை நான்கு பாட்டில்களில் பிரித்து, வயதுவாரியாகப் பெயர் எழுதி ஒட்டிக்கொள்வது என் வழக்கம். முதல் பாட்டிலில் இருப்பது அப்போதுதான் வெட்டுப்பட்ட ரத்தம். இதற்குச் சிறிது வெந்நீர் விட்டு இளக்கி, மஞ்சளை இன்னும் ஒரு சிட்டிகை கூட்டினால் தமனி ரத்தத்தின் பிரகாசம் வரும். இரண்டாவதில் அடிப்படை ரத்தம் மாற்றமின்றி இருக்கும். பெரும்பாலான காட்சிகளுக்கு இதுவே பொருந்தும்.

மூன்றாவது, உறையத் தொடங்கிய ரத்தம். கட்டிகளுக்காக நெடுநாள் ஜெலட்டினைக் காய்ச்சிப் பார்த்தேன். வெயிலில் அது உருகி ஓடியது. விடை ஜிகர்தண்டாக் கடையில் இருந்தது. ஜிகர்தண்டாவில் சேர்க்கும் பாதாம் பிசினை ஒரு தேக்கரண்டி எடுத்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தால், காலையில் கிண்ணம் நிறைய நொங்கு போலத் தளதளவென்று உப்பியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, அடர்சிவப்புச் சாயமும் கோகோவும் கலந்து இரண்டு மணி நேரம் வைத்தால் சாயம் உள்ளே இறங்கிவிடும். அதை விரலால் உதிர்த்துக் காயத்தின் மேலும் தரையில் தேங்கிய ரத்தத்தின் நடுவிலும் வைத்தால், அண்மைக் காட்சியில்கூட ரத்தக்கட்டி என்றே கண் நம்பும். எந்த வெயிலிலும் உருகாது; உண்ணும் பொருளாதலால் உதட்டோரத்தில் வைக்கவும் அச்சமில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த கண்டடைதல் இதுதான்.

நான்காவது, காய்ந்த ரத்தம். தோலின் மேல் வேண்டுமானால், அடிப்படை ரத்தத்தில் கெட்டியான காபி டிகாக்‌ஷனையும் கூடுதல் கோகோவையும் கலந்து, தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசி விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். ஓரங்களைச் சற்று அடர்த்தியாகவும் நடுவை மெல்லியதாகவும் விட்டால் இயல்பாக இருக்கும். துணியின் மேல் வேண்டுமானால் சர்க்கரை ரத்தத்தையே தவிர்த்துவிட்டு, துணிக்கு வரையும் பெயின்ட்டில் சிவப்பையும் பழுப்பையும் கறுப்பையும் கலந்து பூசுவதே மேல். அது ஒட்டாது, ஈ மொய்க்காது, ஐந்து நாள் படப்பிடிப்பிலும் நிறம் மாறாது.

ஈயும் எறும்பும் சிறிய சிக்கல்கள் அல்ல. கீழக்குயில்குடி மலையடிவாரத்திலோ வைகை மணலிலோ சர்க்கரை ரத்தம் பூசிய நடிகரைப் படுக்கவைத்தால், கால் மணி நேரத்துக்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். பிணமாக நடிப்பவர் எறும்புக் கடியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறார் என்பதை இயக்குநர் கவனிப்பதில்லை. ஒப்பனைக்காரர்தான் கவனித்தாக வேண்டும். வெளிப்புறத்தில் தரையில் கிடக்கும் காட்சிகளுக்குப் பாகுக்குப் பதில் ஜவ்வரிசிக் கஞ்சியை நன்கு வேகவைத்து வடிகட்டி, அதில் சாயங்களையும் மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினையும் சேர்த்துக்கொள்கிறேன். கிளிசரின் எளிதில் உலராதாகையால் பிற்பகல் வெயிலிலும் ஈரப் பளபளப்பு நிற்கும். ஆனால் கஞ்சி ஒரே நாளில் புளித்துவிடும்; அன்றன்றைக்குச் செய்து அன்றே கொட்டிவிட வேண்டும். சர்க்கரை மிகுந்த பாகு ரத்தம் குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் தாங்கும்.

செய்து முடித்த ரத்தத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. படமெடுக்கப்போகும் அதே கேமராவில், அதே விளக்கொளியில் பார்க்க வேண்டும். எல்இடி விளக்கில் பார்த்த சிவப்பு நடுப்பகலில் வேறு. அந்திவெளிச்சத்தில் இன்னும் வேறு. கைப்பேசிக் கேமராக்கள் சிவப்பை மிகைப்படுத்துவதால், நேரில் சற்று மங்கலாகத் தெரியும் ரத்தமே திரையில் சரியாக அமையும். நடிகரின் முன்கையில் ஒரு சொட்டு விட்டு, கையைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சொட்டு நின்ற இடத்திலேயே நின்றால் கெட்டி. தண்ணீராக ஓடி மறைந்தால் நீர்ப்பு. மெதுவாக இறங்கி, பின்னால் ஒரு தடத்தை விட்டுச் சென்றால் பதம். இந்தச் சோதனையின்போதே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி மறுநாள் வரை பார்ப்பது ஒவ்வாமையையும் காட்டிவிடும். காயத்தைச் செதுக்கத் திரவ லேட்டக்ஸ் என்னும் ரப்பர் பாலைப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. லேட்டக்ஸ் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும்.

தோலில் பூசும் ரத்தத்துக்கு ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் குழந்தைகளுக்கான ஷாம்புவைச் சேர்த்துக்கொண்டால் ஓட்டமும் நன்றாக இருக்கும், கழுவும்போது கறையும் எளிதாகப் போகும். வாய் ரத்தத்தில் அதைச் சேர்க்கக் கூடாது என்பதால், இரண்டுக்கும் வெவ்வேறு நிற மூடியுள்ள பாட்டில்களை வைத்துக்கொள்ள வேண்டும். வாயிலிருந்து வழியும் காட்சிக்கு, மருந்துக் கடைகளில் கிடைக்கும் வெற்று கேப்ஸ்யூலில் ரத்தத்தை நிரப்பிக் கொடுத்து, உரிய வசனத்தில் கடித்து வழியவிடச் சொல்லலாம். கேப்ஸ்யூல் ஈரத்தில் இளகிவிடுமாதலால் ஷாட்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் நிரப்ப வேண்டும். வழக்கமான கேப்ஸ்யூல் ஜெலட்டினால், அதாவது விலங்குப் பொருளால், ஆனது. நடிகர் சைவ உணவுக்காரராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி, தாவரப் பொருளால் ஆன கேப்ஸ்யூலை வாங்கிக் கொடுப்பது நம் கடமை. சர்க்கரை நோய் உள்ளவரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து டேக் போனால் அவர் விழுங்கும் பாகு கொஞ்சமல்ல.

வெட்டும்போதே ரத்தம் வர வேண்டுமென்றால் குழாய் முறைதான் நம்பகமானது. பிரிக்கப்படாத புதிய டிரிப்ஸ் குழாயையும் ஊசியில்லாத 50 மில்லிலிட்டர் சிரிஞ்சையும் வாங்கி, குழாயை நடிகரின் சட்டைக்குள் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டி, அதன் வாயைக் காயம் தோன்ற வேண்டிய இடத்தில் மறைத்துவைக்க வேண்டும். குழாயில் காற்று இருந்தால் ரத்தம் துப்பியது போலக் குமிழியோடு வரும். ஆகவே முனைவரை ரத்தத்தை நிரப்பிவிட்டே டேக் தொடங்க வேண்டும். சிரிஞ்சைப் பிடிப்பவர் கேமராவுக்கு வெளியே அமர்ந்து, தமனிக் காயமானால் துடிப்புக்கேற்ப விட்டுவிட்டும், சிரைக் காயமானால் ஒரே அழுத்தமாகவும் தள்ள வேண்டும். அரிவாளின் பின்பக்கத்தில் குழாயை ஒட்டி, இழுக்கும்போதே தோலில் கோடு விழச் செய்வதும் உண்டு. அரிவாள் அட்டையாலோ ரப்பராலோ ஆனதாக இருக்க வேண்டும். மழுங்கிய இரும்பு என்று சொல்லிக்கொண்டு உண்மையான அரிவாளை யாராவது கொண்டுவந்தால் அந்தக் காட்சிக்கு நான் ஒப்பனை செய்வதில்லை. துப்பாக்கிக் குண்டு துளைக்கும் காட்சிக்கான சிறு வெடிகளைப் பற்றி இங்கே விளக்கப்போவதில்லை. அவை உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியவை. குறும்படத்துக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் ரத்தத்தை அடைத்து, சட்டைக்குள் வைத்து, நடிகர் மார்பைப் பிடித்துக்கொள்ளும்போது உள்ளங்கையால் அழுத்தி உடைத்தால் போதும்.

மேடை நாடகத்துக்கு இதைவிட எளிய முறை ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதற்குக் காரணம், மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே. நடிகரின் முன்கையில் மஞ்சள் நீரைப் பூசி உலரவிட்டு, சமையல் சோடாவை அடர்த்தியாகக் கரைத்த நீரில் அட்டைக் கத்தியை நனைத்து இழுத்தால், இழுத்த வழியே செம்பழுப்புக் கோடு எழும். சுண்ணாம்பில் நிறம் இன்னும் நன்றாக வரும். ஆனால் அது தோலை அரிக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. கேமராவுக்கு அருகில் இந்த முறை எடுபடாது. மஞ்சள் பூசிய கை தெரிந்துவிடும். பத்தடி தள்ளி அமர்ந்திருக்கும் பார்வையாளருக்கோ குழாயோ உறையோ இல்லாமல் ரத்தம் எழுவது வியப்பாகவே இருக்கும்.

வெள்ளை வேட்டி சட்டை நம் பக்கத்துக் கதைகளில் தவிர்க்க முடியாதது; பொய் ரத்தத்துக்குப் பெருஞ்சோதனையும் அதுவே. பருத்தித் துணி பாகிலிருந்து சாயநீரை மட்டும் உறிஞ்சி இழுப்பதால், கறையைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் ஒன்று பரவும். நன்றாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியில் இந்தப் பரவல் குறைவு; கோகோ மிகுந்த கெட்டி ரத்தத்திலும் குறைவு. எப்படியானாலும் ஒரே மாதிரியான மூன்று வேட்டி சட்டைகளாவது கையிருப்பில் இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன், காயம் எங்கே, அடிபட்டபோது ஆள் நின்றிருந்தாரா விழுந்திருந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெற்றிக் காயத்தின் ரத்தம் நின்றவருக்குப் புருவத்தைத் தாண்டி மூக்கோரமாக இறங்கும், படுத்தவருக்குக் காதை நோக்கி ஓடும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் முன்னும் பின்னும் இரு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்து, கதையில் அது எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். காட்சிகள் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. காலையில் காய்ந்த ரத்தமும் மாலையில் புதிய ரத்தமும் பூச வேண்டிவரும்போது அந்தக் குறிப்பு மட்டுமே துணை.

தெருவிலோ வாய்க்கால் கரையிலோ எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்னதாக அனுமதி பெற்று, அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை எங்கள் நடிகர் ஷாட் இடைவேளையில் ரத்தக் கோலத்தோடே டீக்கடைக்கு நடந்துபோக, வழியில் கண்ட பெரியவர் ஒருவர் பதறி 108-ஐ அழைத்துவிட்டார். உண்மையிலேயே உயிருக்குப் போராடும் யாருக்கோ போக வேண்டிய வண்டியை நாங்கள் வீணே ஓடவைத்தோம் என்னும் உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. அதன்பிறகு ரத்தம் பூசிய நடிகர்களுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் டீ கொண்டுவந்து தர ஓர் ஆளும் ஏற்பாடு செய்யாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

படப்பிடிப்பு முடிந்ததும் துணிகளை உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சோப்புத்தூள் கரைத்த நீரில் ஊறவைக்க வேண்டும். கறை முழுவதும் போகுமுன் இஸ்திரி போட்டால் அந்தச் சூட்டில் சாயம் துணியிலேயே தங்கிவிடும். தோலில் தங்கிய சிவப்புக்கு ஷேவிங் கிரீமைத் தடவிச் சில நிமிடம் கழித்துத் துடைப்பது நன்றாகப் பலனளிக்கிறது. பசையும் லேட்டக்ஸும் ஒட்டிய இடத்தில் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு மெல்ல உரிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரிலும் பழைய கல் தரையிலும் உணவுச் சாயம் இறங்கினால் எளிதில் வராது. எனவே வீடு கொடுத்தவரின் திண்ணையில் ரத்தம் சிந்தும் காட்சி என்றால், தரையில் ஒளிபுகும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் எடுத்துவிட்டு, கிளம்புமுன் நாமே தண்ணீர் விட்டு இருமுறை கழுவிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாம் புறப்பட்ட கையோடு அந்த வீட்டு வாசலுக்கு எறும்பு வந்துவிடும்.